குளத்தைக் காயவைத்த கதை

கண்ணாடிக்காரர் கீழே விழுந்ததற்கு யார் மேலும் பழி போட முடியாது. அவருடைய ரசனைதான் அவரைத் தள்ளிவிட்டது. ஒரு துணிக்கடையின் முதல் மாடியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி முடித்தார். விளிம்பில் பசை பூசி, விரலால் வழித்து, துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று உறுதிசெய்துகொண்டார். அதோடு இறங்கியிருக்கலாம். முழுதாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டுச் சாரத்தில் இரண்டடி பின்னால் நகர்ந்தார். சாரம் ஒன்றரை அடிதான் இருந்தது.

தன் வேலையைப் பார்த்து மெய்மறந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். மெய்மறந்த கையோடு முதுகெலும்பையும் முறித்துக்கொண்டவர்கள் குறைவு. அந்தச் சிறிய கூட்டத்தில் இடம் பிடித்துக்கொண்டு அவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் இருந்தன. இருந்தன, அவ்வளவுதான்.

இடது காலுக்கு ‘குமாஸ்தா’ என்று பேர் வைத்தார். நாலு தரம் கேட்டால் ஒரு தரம் அசையும். வலது காலுக்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர். ஒரு வேலையும் செய்யாது, ஆனால் தலையணை வைத்துத் தாங்கி, எண்ணெய் தடவி, முகம் கோணாமல் உபசரிக்க வேண்டும்.

“மாப்பிள்ளை இன்னைக்கு என்ன சொல்றாரு?” என்று மனைவி தினமும் கேட்பாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். யார் வீட்டுச் சட்டையிலும் ஒரு சுருக்கம் விடமாட்டாள்.

“என்னத்த சொல்றது. மரியாதை பத்தலையாம்.”

இப்படியே சிரித்துக்கொண்டே நாற்காலியில் காலத்தைத் தள்ளியிருப்பார்கள். வீட்டுக்கு வந்துபோன பிசியோ பெண்தான் அவர்கள் மனத்தில் ஆசையை விதைத்தாள்.

“உங்க குடியிருப்புலயே நீச்சல் குளம் இருக்கே அங்கிள்! நெஞ்சளவு தண்ணியில நின்னா உங்க பாரத்துல முக்கால்வாசியைத் தண்ணியே தூக்கிக்கும். கால் தானா நீளும். தினமும் நின்னீங்கன்னா ஊன்றுகோலோட வெளியிலயும் நிக்கலாம்.”

“நிக்கலைன்னா?”

“தசை சுருங்கிரும். முட்டி மடங்கி அப்படியே இறுகிப்போயிடும். அப்புறம் தண்ணியில போட்டாலும் நீளாது.”

கண்ணாடிக்காரருக்கு நடந்து ஊர் சுற்ற வேண்டும் என்ற ஆசையெல்லாம் இல்லை. நிற்க வேண்டும். கடையில் அவருடைய வெட்டுமேசை இடுப்பளவு உயரம். ஒரு கட்டில் அளவுக்கு அகலம். கண்ணாடியை அதன் மேல் கிடத்தி, உடம்பை வளைத்துச் சாய்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெட்டுமுனையை ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். உட்கார்ந்தால் பாதிவரைதான் கை எட்டும். நடுவில் இழுப்பு நின்றால் கண்ணாடி தன் இஷ்டப்படி உடையும். அவர் விழுந்த நாளிலிருந்து அந்த மேசையில் மைத்துனன் வெட்டிக்கொண்டிருந்தான். நல்ல பையன், ஆனால் பாதி இழுப்பில் மூச்சு வாங்குவான். அதனால் கடையில் விற்ற கண்ணாடியைவிடக் குப்பைத் தொட்டிக்குப் போன கண்ணாடி அதிகம்.

“நீங்க வர்ற வரைக்கும்தான் மாமா நான் இங்க,” என்பான் அவன். அதை உண்மையாகவே சொன்னான் என்பதுதான் கண்ணாடிக்காரருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே காலையில், மற்ற குடும்பங்கள் பல் துலக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், மனைவியும் காவலாளியும் அவரைக் கைத்தாங்கலாகக் குளத்தில் இறக்குவார்கள். ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதல் சில வாரங்கள் அவர் நின்றாரா, கம்பியில் துணி மாதிரி தொங்கினாரா என்பது விவாதத்துக்குரியது. பிறகு குமாஸ்தா வேலைக்கு வந்தார். அதன்பின், யாரும் எதிர்பார்க்காதபடி, மாப்பிள்ளையும் பாதத்தைத் தரையில் வைத்தார். ஒரு நாள் காலையில் கண்ணாடிக்காரர் கம்பியிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தார்.

படியில் உட்கார்ந்திருந்த மனைவி எழுந்தே விட்டாள். “என்னங்க! கையை எடுத்துட்டீங்க!”

“சத்தம் போடாதே. மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா உக்காந்துருவாரு.”

அடுத்த நாள் மைத்துனன் ஊன்றுகோல் வாங்கி வந்தான். பிசியோ பெண் அதன் உயரத்தைச் சரிசெய்து கொடுத்தாள்.

இந்த நேரத்தில்தான் ஒரு டைல் குறுக்கே வந்தது.

குளத்தின் அடியில் ஒரு டைல் மூலை உடைந்திருந்தது. மாப்பிள்ளை அதன் மேல் நின்றார். உணர்ச்சி இல்லாத கால், வலித்தால்தானே தெரியும்? தண்ணீர் சிவப்பாக மாறியதை மனைவிதான் முதலில் பார்த்தாள். காயம் பெரிதில்லை. ஆனாலும் இன்னொரு தரம் வெட்டக் கூடாதே என்று, அன்று மாலையே குடியிருப்போர் சங்கத் தலைவரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அந்த ஒரு டைலை மட்டும் மாற்றினால் போதும் என்றும் சொன்னாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான். அதையும் நல்ல எண்ணத்தில் செய்தாள்.

சங்கத் தலைவர் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேருடைய வாய்க்குள் அவர் கை போயிருந்தது. அதனால் தேர்தலில் அவரை எதிர்த்து யாரும் வாயைத் திறப்பதில்லை. மறுநாள் காலையில் சட்டைப்பை விளக்கோடு குளத்தங்கரைக்கு வந்தார். தண்ணீரை வடிக்கச் சொல்லி, உள்ளே இறங்கி, குந்தி உட்கார்ந்து, ஒரு இரும்புக் கம்பியால் டைல்களை ஒவ்வொன்றாகத் தட்டினார்.

“சொத்தை,” என்றார்.

“ஒண்ணுதானே டாக்டர் உடைஞ்சிருக்கு,” என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி.

“மேலோட்டமாப் பாத்தா ஒண்ணுதான்மா. தட்டினா பக்கத்துல இருக்கறதும் ஆடுது பாருங்க. இதை மட்டும் அடைச்சா உள்ளுக்குள்ள பரவி வேர் வரைக்கும் போயிடும். எல்லாத்தையும் எடுத்துட்டுப் புதுசாக் கட்டிடறதுதான் முறை.”

“டாக்டர், இது குளம்.”

“எல்லாம் ஒண்ணுதாம்மா.”

பொதுக்கூட்டம் கூடியது. ஒப்புதல் கிடைத்தது. இரண்டே மாதத்தில் முடியும் என்று தலைவர் அறிவித்தார். குளத்து வாசலில் பெரிய பலகை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். ‘நமது மாற்றுத்திறனாளி உறுப்பினரின் பாதுகாப்பைக் கருதி இக்குளம் முழுமையாகச் சீரமைக்கப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ குடியிருப்பில் சக்கர நாற்காலி ஒன்றே ஒன்று. ஆகவே பேர் எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

டைல்களைப் பெயர்க்கும் வேலை வெகு வேகமாக நடந்தது. எதையும் பெயர்த்துப் போடுவதில் நம் ஆட்களுக்கு இருக்கும் சுறுசுறுப்பைக் குறை சொல்ல முடியாது. பிறகு சுத்தியல் சத்தம் நின்றது. வேலையை எடுத்திருந்த மேஸ்திரி பல் டாக்டரின் நோயாளி. ஒப்பந்தம் பேசப்பட்டது சிகிச்சை நாற்காலியில். மேஸ்திரியின் வாய்க்குள் கண்ணாடியும் குறடும் இருந்த நேரம். டாக்டர் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் “ஆ” என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவருடைய கடைவாய்ப் பல்லில் வேலை இன்னும் பாதியில் நின்றது. குளத்தின் வேலையும் பாதியில் நின்றது. எது எதற்காகக் காத்திருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடிக்காரரின் வீடு இரண்டாம் மாடி. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் குளம் முழுதும் தெரியும். அந்த ஜன்னல் கண்ணாடி அவரே வெட்டிப் போட்டது, அத்தனை துல்லியம். ஆகவே ஒன்றும் நடக்காததை அவர் தினமும் மிகத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. காலையில் நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிவிட்டு மனைவி வேலைக்குப் போவாள். குளத்துக்குள் நாலு பக்கமும் பெரிய மின்விசிறிகள் ஓடிக்கொண்டிருக்கும். பல் டாக்டரின் ஏற்பாடு அது.

“ஈரத்துல ஒட்டினா எதுவும் நிக்காது,” என்று எல்லாருக்கும் விளக்கினார் அவர். “வாயில பஞ்சை வெச்சு, காத்தடிச்சு, ஒரு சொட்டு எச்சில் இல்லாமக் காயவெச்சுதான் நாங்க பல்லை அடைப்போம். குளம் நல்லாக் காயட்டும். அவசரப்படக் கூடாது.”

குளம் காய்ந்தது. இரண்டு மாதம் போயிற்று. அதன்பின் இன்னும் இரண்டு மாதம் போயிற்று. கோடை விடுமுறையும் வந்து போயிற்று. நீந்த முடியாத பிள்ளைகள் மாடிப்படியில் பந்து அடித்தார்கள்; பெற்றோர்கள் கண்ணாடிக்காரரைப் பார்க்கும் பார்வை மாறியது.

லிஃப்ட்டில் ஒரு அம்மாள் கேட்டாள்: “எப்படி இருக்கீங்க? உங்களுக்காகத்தான் இவ்வளவு வேலையும் நடக்குது. சந்தோஷமா இருக்கணுமே?”

“சந்தோஷத்துக்கு என்னங்க குறைச்சல்.”

“என் பையன் இந்த வருஷம் போட்டிக்குப் போக வேண்டியது. சரி, என்ன பண்றது. உடம்பு முடியாதவங்களுக்கு நாமதானே விட்டுக்குடுக்கணும்.”

லிஃப்ட் இரண்டாம் மாடிக்கு வருவதற்குள் கண்ணாடிக்காரர் அந்த அம்மாளிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. “நீங்க ஏன் மன்னிப்பு கேட்டீங்க?” என்று மனைவி வீட்டுக்குள் வந்ததும் பொரிந்து தள்ளினாள். “நாம கேட்டது ஒரு டைல். ஒரே ஒரு டைல்!”

ஊரில் வேறு குளங்கள் இல்லாமல் இல்லை. பெரிய ஓட்டலில் ஒன்று இருந்தது. அங்கே சக்கர நாற்காலி நுழைய முடியாதபடி ஆறு படிகளை அழகாகக் கட்டியிருந்தார்கள். விளையாட்டு அரங்கத்தில் ஒன்று. அங்கே போட்டிக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. போட்டி போடும் நிலையில் தன் கால்கள் இல்லை என்பதைக் கண்ணாடிக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் மைத்துனன் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தான். மொட்டைமாடியில் வைக்கிற மாதிரி கறுப்புப் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றை வாங்கி, வாய்ப்பக்கத்தை அறுத்தெடுத்து, பால்கனியில் கொண்டுவந்து நிறுத்தினான். தண்ணீர் நிரப்பினார்கள். மாமனை அலாக்காகத் தூக்கி உள்ளே இறக்கினான்.

கண்ணாடிக்காரர் தொட்டிக்குள் நின்றார். தலையும் தோளும் மட்டும் வெளியே தெரிந்தன.

“எப்படி மாமா இருக்கு?”

“என்னை அடைச்சு அனுப்பற மாதிரி இருக்கு. மூடியைப் போட்டு முகவரியை எழுதிடாதே.”

ஆனால் கால் நீண்டது. பல நாட்களாக மடங்கிக் கிடந்த மாப்பிள்ளை முனகிக்கொண்டே நீண்டார். மனைவி தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க, கடைக்கு நான் லேட்டாப் போறேன்,” என்றாள்.

அந்த வாரம் முழுதும் நின்றார். வார முடிவில் கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் பால்கனியில் தண்ணீர் சொட்டியது. அவர் கணக்குப் போட்டார். தொட்டித் தண்ணீரின் எடை, அதில் நிற்பவரின் எடை, பால்கனி தாங்கக்கூடிய எடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, தன் தலையில் எது விழப்போகிறது என்று தலைவரிடம் எழுதிக் கொடுத்தார். அவர் கணக்கில் தப்பில்லை. தலைவர் நேரிலேயே வந்தார்.

“தப்பா நினைக்காதீங்க. சட்டப்படி குடியிருப்புக்குள்ள தனியார் நீச்சல் குளம் வெச்சுக்க அனுமதி இல்லை.”

“இது தொட்டி டாக்டர்.”

“ஆள் இறங்கிட்டா அது குளம். பொதுக் குளம் உங்களுக்காகவே தயாராகும்போது நீங்க தனியா ஒண்ணு வெச்சுக்கிட்டா, கூட்டத்துல நான் என்ன பதில் சொல்வேன்? பொறுமையா இருங்க. காய்ஞ்சுக்கிட்டே இருக்கு.”

தொட்டி போயிற்று. மைத்துனன் அதைக் கடைக்கு எடுத்துப்போய் உடைந்த கண்ணாடிகளைப் போட்டுவைத்தான். நிறைவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. டைல் வரவில்லை. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் பம்பு வைத்துக் குளத்து நீரை இறைத்து, துணி போட்டுத் துடைத்து, விசிறியைத் திருப்பிவிட்டார்கள். குடியிருப்பைச் சுற்றியிருந்த மண் தண்ணீர் குடித்து உப்பிக் கிடந்தது. நடுவில் குளம் மட்டும் அப்பளமாகக் காய்ந்திருந்தது. ஒரு நாள் மேஸ்திரி துணிந்து வாயைத் திறந்தார். ஜன்னலிலிருந்து கண்ணாடிக்காரருக்கு எல்லாம் கேட்டது.

“டாக்டர், மழை நாள்ல குளத்தை வெறுமையாப் போடக் கூடாதும்பாங்க. பாதித் தண்ணியாவது நிக்கட்டுமே. அடியில ஊத்துத் தண்ணி மேல தள்ளும்.”

“அரை ஈரத்துலயா பல்லை அடைப்பாங்க?”

மேஸ்திரி கடைவாய்ப் பல்லை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்தச் சத்தம் ஒரு பிற்பகலில் வந்தது. விட்டு விட்டுப் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் ஜன்னலோரத்தில் கண்ணயர்ந்திருந்தார். உடைகிற சத்தம் என்றால் தூக்கத்திலும் அவருக்குத் தெரியும். எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்றும் தெரியும். ஆனால் இது எந்தக் கண்ணாடிக்கும் இல்லாத தடிமனான சத்தம். தரைக்குள்ளிருந்து கிளம்பி, நீளமாக முனகி, டொப்பென்று நின்றது. அவர் எட்டிப் பார்த்தார். குளத்தின் தரை விரிசல் விட்டு மேலே எழும்பியிருந்தது. குளத்துக்குத் தொப்பை போட்டிருந்தது.

ஒரு நொடி அவருக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி, தான் எந்த இடத்தில் கம்பியை விட்டு நின்றாரோ அந்த இடத்தைத் தேடினார். அது எல்லாவற்றையும்விட உயரத்தில் இருந்தது.

பல் டாக்டர் வந்து பார்த்தார். “வீக்கம்,” என்றார். “உள்ள நீர் கோத்திருக்கு. மழை நின்னா தானா வடிஞ்சிடும்.”

மழை நின்றது. வீக்கம் வடியவில்லை.

இதற்கிடையில் பிசியோ பெண் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள். முட்டியை நீட்டப் பார்ப்பாள். பாதியில் மரக்கட்டை மாதிரி நிற்கும். அவள் நெற்றியில் வியர்வை துளிர்க்கும். “வலிக்குதா அங்கிள்?” என்பாள். “எனக்கு வலிக்கல, உனக்குத்தான் வலிக்கிற மாதிரி இருக்கு,” என்பார் அவர். ஒரு கட்டத்தில் அவள் ஊன்றுகோலைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, படுக்கைப் புண் வராமல் எப்படிப் புரண்டு படுப்பது என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு யாரும் ஜோக் அடிக்கவில்லை. மனைவி மட்டும் அடுப்படியில் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப திறந்தாக்கூடப் போதுமா?” என்று அவள் வாசல்வரை போய்த் தணிந்த குரலில் கேட்டாள்.

“இப்பவே, நெஞ்சளவு தண்ணி கிடைச்சா, கொஞ்சமாவது மீட்கலாம் ஆன்ட்டி. இன்னும் தள்ளிப்போனா எனக்குத் தெரியல.”

அதனால்தான் அடுத்த பொதுக்கூட்டத்துக்குக் கண்ணாடிக்காரர் சட்டை மாற்றிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு போனார். மேடையில் மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எழும்பிய தளத்தை உடைத்து, தோண்டி, மறுபடி போட்டால் இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்றார். கூட்டம் கொந்தளித்தது. தலைவர் கையை உயர்த்தினார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“எதுக்கு உடைக்கணும்? எழும்பினது எழும்பினபடி இருக்கட்டும். சுத்திவர அதே மட்டத்துக்குக் கான்கிரீட் போட்டு நிரவிட்டு, மேல டைலை ஒட்டிட்டா முடிஞ்சுது. பல்லுல இதுக்கு நாங்க தொப்பி போடறதுன்னு சொல்லுவோம். ஒரே மாசம்!”

கைதட்டல் எழுந்தது. கண்ணாடிக்காரர் கையைத் தூக்கினார்.

“அப்படின்னா தண்ணி எவ்வளவு ஆழம் நிக்கும் டாக்டர்?”

மேஸ்திரி முந்திக்கொண்டு, “முழங்கால் வரைக்கும்,” என்றார்.

“பிள்ளைங்களுக்குப் பயமே இல்லை!” என்றாள் லிஃப்ட் அம்மாள். அவள் பையன் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“எனக்கு நெஞ்சளவு வேணுமே,” என்றார் கண்ணாடிக்காரர். “நிக்கறதுக்கு.”

பல் டாக்டர் கனிவோடு அவரைப் பார்த்தார். “உக்காந்தீங்கன்னா நெஞ்சளவு வந்துடுமே!”

எல்லாரும் சிரித்தார்கள். அதில் வன்மம் இல்லை. நல்ல மனசோடுதான் சிரித்தார்கள். கண்ணாடிக்காரருக்கும் உதடு விரிந்துவிட்டது, பழக்கதோஷம். “எதுக்குங்க சிரிக்கிறீங்க?” என்று அவர் மனைவி எழுந்து கேட்டதை மைக் இல்லாததால் முன்வரிசைக்கு அப்பால் யாரும் கேட்கவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவித்தார்கள்.

ஒரு மாதம் என்பது மூன்று மாதமாயிற்று என்றாலும், குளம் திறந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. நீல டைல்கள், ஒன்றுகூட ஆடவில்லை. கரையெல்லாம் வண்ணக் காகிதம், ஒலிபெருக்கி, வரிசையாக நாற்காலி. யாருக்காகச் சீரமைத்தார்களோ அவர்தான் முதலில் இறங்க வேண்டும் என்று சங்கம் முடிவுசெய்திருந்தது. மறுத்தால் நன்றிகெட்டவர் என்பார்கள். மைத்துனன் ஒரு பக்கமும் காவலாளி மறுபக்கமும் தூக்கி அவரைத் தண்ணீரில் இறக்கினார்கள். தண்ணீர் அவர் முட்டியில் ஏறி நின்றது. முட்டி இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்த வடிவத்திலேயே இருந்தன.

“நில்லுங்க, நில்லுங்க, ஒரு போட்டோ!” என்றார் பல் டாக்டர்.

“மாமா, என் தோளை அழுத்திப் பிடிங்க,” என்று மைத்துனன் காதருகே சொன்னான். “முடியும். தூக்குங்க.”

கண்ணாடிக்காரர் தூக்கினார். மேல் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் அந்தத் தோளில் இறக்கினார். குமாஸ்தா அசையவில்லை. மாப்பிள்ளை மடங்கியபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தார். எடையைத் தாங்கிக்கொள்ளக் கீழே தண்ணீர் இல்லை, டைல்தான் இருந்தது. அவர் மெதுவாக, யாரோ இருக்கை கொடுத்த மாதிரி, தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் நெஞ்சுவரை வந்தது. தலைவர் சொன்னது சரியாகவே இருந்தது. கூட்டம் கைதட்டியது. படம் எடுத்தார்கள்.

பிறகு மைக்கை அவரிடம் நீட்டினார்கள். “ரெண்டு வார்த்தை பேசுங்க. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க.”

நனைந்த கையால் மைக்கை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் சுற்றிலும் பார்த்தார். பல் டாக்டரையும் மேஸ்திரியையும் லிஃப்ட் அம்மாளையும் வாத்தியாரையும் பார்த்தார். வரிசையின் கடைசியில் பிசியோ பெண் நின்றாள். அவள் கைதட்டவில்லை. தண்ணீரில் குந்தியிருந்த மைத்துனனிடம் வந்து அவர் பார்வை நின்றது.

“டேய், அந்த மேசையை நீயே வெச்சுக்க,” என்றார். “இனிமே எனக்காகன்னு பாத்துக்கிட்டு இருக்காதே. கடைப் பலகையில உன் பேரை எழுதிக்க.”

ஒலிபெருக்கி அதைக் குடியிருப்பு முழுவதற்கும் சொன்னது. என்ன மேசை, என்ன கடை என்று யாருக்கும் புரியவில்லை. தொழிலை இளைய தலைமுறையிடம் ஒப்படைக்கும் பெருந்தன்மை என்று தலைவர் எடுத்துச்சொல்ல, கைதட்டல் முன்னைவிடப் பலமாக எழுந்தது.

“மாமா, வேணாம் மாமா,” என்று மைத்துனன் சொன்னது அதில் அமுங்கிப்போயிற்று.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, புடவை நனைவதைப் பார்க்காமல் குளத்துக்குள் இறங்கி நடந்து வந்தாள். நீந்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. குனிந்து, அவர் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்தாள்.

“போதும், வாங்க. வீட்டுக்குப் போலாம்.”

அவர்கள் மூவரும் கரையேறுவதற்குள் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துவிட்டார்கள்.